விதைப்பானை யார் கையில்?

 

முதலில் ஒரு கேள்வி.

வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்டால் உடனே பதில் சொல்வீர்கள். பருப்பு இருக்கிறதா என்று கேட்டாலும் சொல்வீர்கள். வீட்டில் விதை இருக்கிறதா என்று கேட்டால்?

பலர் யோசிப்பீர்கள். "விதை எதற்கு வீட்டில்? மழை பெய்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாம்" என்பீர்கள்.

நம் பாட்டிமார் காலத்தில் இப்படி இல்லை. உழவர் வீட்டுப் பரணில் விதைப்பானை இருக்கும். கம்பு ஒரு பானை, துவரை ஒரு பானை, எள்ளு ஒரு கலயம். எவ்வளவு பசி வந்தாலும் அந்தப் பானையில் கை வைக்கமாட்டார்கள். அந்தப் பானைக்குக் காவல் யார்? வீட்டுப் பெண்தான்.

பிறகு அந்தப் பானை காலியானது. விதை கடைக்குப் போனது. விதையோடு வேறு ஒன்றும் வீட்டை விட்டுப் போனது. அது என்ன?

காலியான பானையைத் திரும்ப நிரப்பிய பெண்களின் கதையைக் கேட்டால் அது புரியும். அந்தக் கதைதான் இன்றைய பேச்சு.

ஜகீராபாத் பெண்கள்

ஐதராபாத் நகரத்திலிருந்து மும்பைக்குப் போகும் பெரிய சாலையில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போனால் ஜகீராபாத் வரும். முன்பு அது ஆந்திரப் பிரதேசத்தின் மேதக் மாவட்டத்தில் இருந்தது. 2014-ல் தெலங்கானா தனி மாநிலம் ஆனது. 2016-ல் மாவட்டங்களைப் பிரித்தார்கள். இப்போது ஜகீராபாத் சங்காரெட்டி மாவட்டத்தில் இருக்கிறது.

அங்கே செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. பெரும்பாலும் மானாவாரி நிலம். வானம் பார்த்த பூமி.

அங்கே கிராமத்துத் தலித் பெண்கள் பெரும்பாலும் கூலி வேலை செய்தார்கள். சிலருக்கு அரசு கொடுத்த நிலம் இருந்தது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர். ஆனால் அது கல்லும் சரளையுமாகக் கிடந்த நிலம். நல்ல நிலம் பெரிய வீட்டுக்காரர்களிடம் இருந்தது.

அப்படி ஒரு ஏக்கர் வைத்திருந்த ஒரு பெண்ணை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்கிறது. அவள் விதைக்க வேண்டும். விதை இல்லை. பெரிய வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். அவர்கள் உடனே கொடுப்பார்களா? முதலில் அவர்கள் நிலத்தில் விதைப்பு முடிய வேண்டும். அதற்கு அவளே கூலிக்குப் போக வேண்டும். அதன் பிறகு விதை கிடைக்கும். அதற்குள் ஈரம் காய்ந்துவிடும். தாமதமாக விதைத்தால் விளைச்சல் குறையும். விளைந்ததில் பெரும்பகுதி கடனுக்குப் போய்விடும். மிச்சக் கடனை உடம்பால் உழைத்துக் கழிக்க வேண்டும். அடுத்த வருடம் மீண்டும் அதே வாசல்.

நிலம் அவள் பெயரில் இருக்கிறது. ஆனால் எப்போது விதைப்பது என்று அவள் முடிவு செய்ய முடியவில்லை. எதை விதைப்பது என்றும் முடிவு செய்ய முடியவில்லை. விதையோடு வீட்டை விட்டுப் போனது அதுதான். முடிவு செய்யும் உரிமை போய்விட்டது.

சங்கம் கூடியது

1983-ல் அந்தப் பகுதியில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் வேலை தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பி.வி. சதீஷ். முன்பு தொலைக்காட்சியில் வேலை பார்த்தவர். 2023 மார்ச்சில் காலமானார்.

கிராமந்தோறும் பெண்கள் சங்கம் அமைத்தார்கள். பகலில் கூலி வேலை. இரவில் சமையல் முடிந்த பிறகு கூட்டம். மெல்ல மெல்லச் சங்கங்கள் பெருகின. சுமார் 75 கிராமங்களில் சுமார் 5,000 பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

கூட்டத்தில் முதலில் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். சும்மா கிடந்த நிலத்தில் இறங்கினார்கள். கல் பொறுக்கினார்கள். வரப்புப் போட்டார்கள். எரு அடித்தார்கள். சில ஊர்களில் பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார்கள்.

நிலம் தயார். அடுத்து என்ன? விதை. பழைய வாசலுக்கே மறுபடியும் போவதா?

வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஊருக்குள்ளேயே விதையைத் தேடினார்கள். எல்லா வீட்டிலும் விதை அழிந்துவிடவில்லை. வயதான சில பெண்களின் வீட்டில் ஒரு கலயம் தினை இருந்தது. இன்னொரு வீட்டில் இரண்டு கை கொள்ளு. உறவினர் ஊரில் கொஞ்சம் சாமை. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். சேர்த்ததை விதைத்தார்கள். விளைந்ததில் மறுபடியும் விதை எடுத்தார்கள்.

ஒன்று வாங்கினால் இரண்டு

இப்படித்தான் ஊர் விதைக் களஞ்சியம் பிறந்தது. அதை விதை வங்கி என்றும் சொல்வார்கள். பேருக்குத்தான் வங்கி. பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. மண் மெழுகிய மூங்கில் கூடைகள், மண்பானைகள். சங்கத்துப் பெண் ஒருத்தியின் வீட்டில் அவை இருக்கும்.

அந்த வங்கியில் பணம் கிடையாது. வட்டிக் கணக்கும் கிடையாது. ஆனால் ஒரு விதி உண்டு. விதை வாங்கிய பெண், அறுவடைக்குப் பிறகு கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். ஒரு படி வாங்கினால் இரண்டு படி தருவது வழக்கம்.

இதுவும் வட்டிதானே என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடன்காரரிடம் கொடுக்கும் வட்டி அவர் வீட்டுக்குப் போகிறது. இங்கே கூடுதலாகக் கொடுத்த அந்த ஒரு படி எங்கே போகிறது? அடுத்த வருடம் இன்னொரு பெண்ணின் நிலத்துக்குப் போகிறது. இந்த வருடம் ஒருத்திக்கு விதை இருந்தது. அடுத்த வருடம் இரண்டு பேருக்கு இருக்கும். அவள் கொடுத்தது ஊரைவிட்டு வெளியே போகவில்லை. அவளுக்கே தேவைப்பட்டால் திரும்பி வரும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அவர்கள் தங்களுக்குள் விதையை விலைக்கு விற்பதில்லை. மாற்றிக்கொள்வார்கள். உன்னிடம் உள்ள தினையைக் கொடு, என்னிடம் உள்ள கொள்ளை எடுத்துக்கொள் என்பார்கள். விலை என்று வந்தால் காசு இல்லாத பெண் வெளியே நிற்க வேண்டியிருக்கும். மாற்று என்றால் யாரும் வெளியே நிற்க வேண்டாம்.

இப்படி எழுபது, எண்பது வகை விதைகள் அந்தப் பெண்கள் கைக்குத் திரும்பி வந்தன.

ஒரு ஏக்கரில் எத்தனை பயிர்?

நாம் மனதில் நினைத்த அந்தப் பெண்ணின் ஒரு ஏக்கருக்கு வருவோம். இப்போது அவளிடம் விதை இருக்கிறது. என்ன விதைக்கிறாள்?

ஒரே பயிரை விதைக்கவில்லை. சோளம், கம்பு, தினை, சாமை விதைக்கிறாள். நடுவே துவரை, பாசிப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு. கொஞ்சம் எள்ளு. ஓரத்தில் புளிச்சகீரை. ஒரே நிலத்தில் பத்து, பன்னிரண்டு பயிர். சில பெண்கள் இருபதுக்கு மேலும் விதைப்பார்கள்.

இது குழப்பம் இல்லை, கணக்கு. எப்படி என்று பார்ப்போம்.

பாசிப்பயறும் தினையும் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். அடுத்துச் சோளம் அறுவடைக்கு வரும். துவரை ஐந்தாறு மாதம் நிற்கும். ஆகவே ஒரே நாளில் எல்லாம் வந்து ஒரே நாளில் தீராது. மாதத்துக்கு ஒன்றாக அடுப்படிக்கு வரும்.

தொடக்கத்தில் மழை ஏமாற்றினால் ஒரு பயிர் போகும். கடைசியில் ஏமாற்றினால் வேறு பயிர் போகும். எல்லாமே ஒன்றாகப் போவது அரிது. பருத்தி மட்டும், கரும்பு மட்டும் வைத்தால் போனால் போனதுதான்.

துவரையின் வேர் ஆழமாகப் போகும். தினையின் வேர் மேலாக நிற்கும். இரண்டுக்கும் தண்ணீர்ச் சண்டை குறைவு. பயறு வகைகளின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் தெரியும். அந்த முடிச்சில் வாழும் கிருமிகள் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். யூரியா மூட்டையிலும் இருப்பது தழைச்சத்துதான். மூட்டைக்குக் காசு வேண்டும். வேருக்கு வேண்டாம்.

சோளத் தட்டை மாட்டுக்குத் தீவனம். மாட்டுச் சாணம் நிலத்துக்கு எரு. மருந்து அடிக்காத நிலத்தில் தானாக முளைக்கும் கீரைகள் பல. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை போன்றவை. களை எடுக்கப் போகும் பெண் மடியில் அன்றைய குழம்புக்குக் கீரையோடு வீட்டுக்கு வருவாள். களைக்கொல்லி அடித்த நிலத்தில் இந்தக் கீரை கிடைக்காது.

கரிசல் நிலத்தில் இன்னொரு அதிசயம் உண்டு. மழைக்காலம் முடியும் நேரத்தில் விதைக்கிறார்கள். கொண்டைக்கடலை, ஆளிவிதை, குசும்பா, பின்பட்டச் சோளம். மண்ணில் தங்கிய ஈரமும் இரவுப் பனியுமே போதும். அந்தப் பயிர்களுக்குத் தெலுங்கில் 'சத்யம் பண்டலு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சத்தியப் பயிர்கள் என்று பொருள். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, மருந்து கேட்காது. விதைத்தவளை ஏமாற்றாது.

விதை எடுப்பது ஒரு கல்வி

விதை என்றால் சாப்பிட்டு மிஞ்சிய தானியம் அல்ல. அதைத் தனியாகப் பார்த்து எடுக்க வேண்டும். இதில் பெண்களின் அறிவு பெரியது.

பயிர் நிலத்தில் நிற்கும்போதே விதைக்கதிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்துக்கு வந்து கலந்த பிறகு எந்தச் செடியின் மணி என்று தெரியாது. ஆகவே அறுவடைக்கு முன்பு நிலத்துக்குள் நடந்து பார்க்கிறார்கள். நோய் இல்லாத செடி, நிறைந்த கதிர், ஒரே மாதிரி முற்றிய மணி. அந்தக் கதிர்களைத் தனியாக அறுக்கிறார்கள்.

கம்பு காற்றில் மகரந்தம் கலக்கும் பயிர். பக்கத்து நிலத்துக் கம்போடு எளிதில் கலந்துவிடும். ஆகவே ஓரத்துக் கதிரை விட்டுவிட்டு நிலத்தின் நடுவில் இருந்து எடுப்பது நல்லது. தினைக்கு அந்தப் பயம் குறைவு.

எடுத்த கதிரை நன்றாகக் காய வைக்க வேண்டும். மணியைப் பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈரம் இருந்தால் பூஞ்சை வரும், வண்டு வரும்.

காய்ந்த விதையைச் சூடு ஆறவிட்டு, சாம்பலும் வேப்பிலையும் கலந்து பானையில் வைக்கிறார்கள். வாயை மண்ணும் சாணமும் வைத்து மூடுகிறார்கள். காற்றுப் புகாது, பூச்சி போகாது.

விதைக்கும் முன்பு ஒரு சோதனை. இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். 100 விதையை எண்ணி எடுங்கள். ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி நிழலில் வையுங்கள். சாக்கு காயாமல் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்துப் பிரித்து எண்ணுங்கள். 80-க்கு மேல் முளைத்திருந்தால் நல்ல விதை. 50 மட்டும் முளைத்திருந்தால் வேறு விதை தேட வேண்டும். வேறு வழி இல்லை என்றால் கூடுதலாக விதைக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் வாங்கும் எல்லா விதையிலும் மறுவிதை எடுக்க முடியாது. வீரிய ஒட்டு விதை என்று ஒன்று உண்டு. முதல் வருடம் ஒரே சீராக விளையும். அதன் மணியை எடுத்து அடுத்த வருடம் விதைத்தால் ஒரு செடி உயரமாகும், ஒரு செடி குட்டையாகும். விளைச்சல் குறையும். ஆகவே ஒவ்வொரு வருடமும் புதிதாக வாங்கியே ஆக வேண்டும். நாட்டு விதை அப்படி இல்லை. பார்த்து எடுத்தால் தாயைப் போலவே பிள்ளை வரும்.

ரேஷனில் சோளம்

அந்தப் பெண்கள் இன்னொன்றையும் யோசித்தார்கள். சிறுதானிய நிலம் ஏன் சும்மா கிடக்கிறது?

1983-ல் ஆந்திராவில் என்.டி. ராமராவ் அரசு கிலோ 2 ரூபாய்க்கு ரேஷன் அரிசி கொடுத்தது. பசித்த வீட்டுக்கு அது பெரிய உதவி. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அரிசி வந்ததும் சோளம் விதைப்பது குறைந்தது. சொந்த நிலம் தரிசானது. ரேஷன் அரிசியும் மாதம் முழுவதும் போதவில்லை.

1990-களின் நடுவில் சங்கங்கள் ஒரு திட்டத்தைத் தொடங்கின. தரிசு நிலம் வைத்திருக்கும் ஏழை உழவருக்கு உழவு, எரு, விதைக்குக் கடன் கொடுத்தார்கள். கடனைப் பணமாகத் திருப்ப வேண்டாம், சோளமாகக் கொடுத்தால் போதும் என்றார்கள். அதுவும் ஒரே வருடத்தில் அல்ல, ஐந்து வருடத்தில். வந்த சோளத்தை அந்தந்த ஊரிலேயே சேமித்தார்கள். வேலை இல்லாத மழைக்கால மாதங்களில் மிக ஏழை வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள்.

மிக ஏழை வீடு எது என்று எப்படி முடிவு செய்தார்கள்? எந்த அதிகாரியும் வந்து பட்டியல் எழுதவில்லை. தரையில் வண்ணப் பொடியால் ஊரின் படத்தை வரைந்தார்கள். ஒவ்வொரு வீடாகக் காட்டி, எல்லோர் முன்னாலும் பேசி முடிவு செய்தார்கள். எழுத்துத் தெரியாத பெண்ணும் தன் விரலால் ஒரு வீட்டைத் தொட்டு, "இந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும்" என்று சொல்லலாம்.

நேற்று விதை கேட்டு வாசலில் நின்றவள், இன்று ஊர்த் தானியத்தைப் பங்கிடும் இடத்தில் உட்கார்ந்தாள்.

மாட்டு வண்டியும் வானொலியும்

ஒவ்வொரு ஆண்டும் சங்கராந்தி சமயத்தில் அங்கே ஒரு திருவிழா நடத்தி வந்தார்கள். தெலுங்கில் 'பாத பண்டல ஜாதர' என்பார்கள். பழைய பயிர்களின் திருவிழா. மாட்டு வண்டிகளை அலங்கரித்து, கூடை கூடையாக விதைகளை வைத்து, மேளதாளத்தோடு ஊர் ஊராகப் போவார்கள். ஒரு மாதம் நடக்கும். ஒவ்வொரு ஊரிலும் மக்கள் கூடி விதையைப் பார்ப்பார்கள், பேசுவார்கள். ஒரு ஊரில் மறைந்துபோன விதை, வண்டியில் ஏறி வந்து மறுபடியும் கிடைக்கும்.

இந்தப் பெண்களில் சிலர் வீடியோ கேமராவைக் கையில் எடுத்தார்கள். 2002-ல் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. வாரங்கல் பகுதி உழவர்கள் அதை விதைத்தார்கள். தொடக்க ஆண்டுகளில் 450 கிராம் விதைப் பாக்கெட் ஏறக்குறைய 1,600 ரூபாய். அந்த உழவர்களின் வரவு செலவையும் அனுபவத்தையும் இந்தப் பெண்கள் நிலத்துக்கே போய்ப் படம் பிடித்தார்கள். 2006-ல் ஆந்திர அரசு தலையிட்ட பிறகு பாக்கெட் விலை 750 ரூபாயாக இறங்கியது. ஒன்றைக் கவனியுங்கள். விலையை ஏற்றியதும் உழவர் அல்ல, இறக்கியதும் உழவர் அல்ல. விதை கையில் இல்லாதபோது விலையும் கையில் இல்லை.

2008 அக்டோபரில் மாச்சனூர் கிராமத்தில் 'சங்கம் ரேடியோ' ஒலிபரப்பைத் தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய இருவர் பெயரும் நரசம்மா. ஒருவரை ஜெனரல் நரசம்மா என்பார்கள். மற்றவர் அல்கோல் நரசம்மா. இருவரும் தலித் பெண்கள். மாலை நேரத்தில் விதை, பயிர், வைத்தியம், பாட்டு என்று தங்கள் பேச்சுத் தெலுங்கிலேயே நிகழ்ச்சி நடத்தினார்கள். "எங்கள் பேச்சு வானொலியில் வருமா?" என்று இருந்த காலம் போய், ஊரே அவர்கள் பேச்சைக் கேட்டது.

2019-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் இந்தச் சங்கங்களுக்கு ஈக்வேட்டர் பரிசு கொடுத்தது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. 'ஏழைச் சாப்பாடு' என்று ஒதுக்கிய தானியத்தை உலகம் அந்த ஆண்டு தலையில் தூக்கி வைத்தது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சங்க வேலை தொடங்கிவிட்டது.

எல்லாம் சுலபமா?

இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும்.

சாமை, வரகின் உமியை நீக்குவது கடினம். உரலில் குத்தினால் தோள் இற்றுவிடும். அந்த வேலை பெண் தலையில்தான் விழுகிறது. பக்கத்தில் அரைக்கும் இயந்திரம் இல்லாவிட்டால், "அரிசியே போதும்" என்று சலிப்பு வரும். அது நியாயமான சலிப்புதான்.

சந்தையில் கரும்புக்கும் பருத்திக்கும் கையில் மொத்தமாகப் பணம் வரும். பலவகைப் பயிரில் அப்படி வராது. பிள்ளையின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் மொத்தப் பணம் தேவை. படித்த பிள்ளைகள் நகரத்துக்குப் போகிறார்கள். விதை அறிவு பாட்டியிடம் இருக்கிறது. கேட்டுக்கொள்ள வீட்டில் பேத்தி இல்லை.

ஆகவே எல்லோரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தினை விதைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பணப்பயிர் வைப்பவர் வைக்கட்டும். ஆனால் ஒரு மூலையிலாவது வீட்டுச் சாப்பாட்டுக்கான பயிரும், அதன் விதையும் இருக்கட்டும். சந்தை கைவிட்டால் அந்த மூலை கைவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

"வீட்டில் விதை வைப்பது சட்டப்படி தப்பா?" என்று சிலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம்.

2001-ல் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் வந்தது. உழவர் தன் விளைச்சலில் இருந்து விதையைச் சேமிக்கலாம். மறுபடியும் விதைக்கலாம். மாற்றிக்கொள்ளலாம். பகிர்ந்துகொள்ளலாம். விற்கலாம். இவை உழவர் உரிமைகள். ஒன்று மட்டும் கூடாது. அந்தச் சட்டப்படி பதிவு செய்த ரகத்தின் விதையைப் பையில் அடைத்து, அதுதான் என்று பெயர் ஒட்டி விற்கக் கூடாது.

உழவர் தாம் காத்து வரும் ரகத்தைத் தங்கள் பெயரில் பதிவு செய்யவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. உழவருக்கு அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பதிவு செய்ய என்ன வேண்டும்? ரகத்தின் பெயர், அடையாளம், எத்தனை நாள் பயிர் என்று எழுதித் தர வேண்டும். எழுத்து இங்கேதான் கை கொடுக்கிறது. பாட்டி மனதில் இருப்பது பாட்டியோடு போய்விடலாம். பேரேட்டில் எழுதினால் நிற்கும்.

இன்று இரவே தொடங்கலாம்

அன்பான அக்கா தங்கைகளே, நீங்கள் இப்போது எழுதப் படிக்கக் கற்றிருக்கிறீர்கள். அந்த எழுத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். உங்கள் தெருவில் வயதில் மூத்த அம்மா ஒருவரிடம் போய் உட்காருங்கள். "அந்தக் காலத்தில் என்னென்ன விதைத்தீர்கள்?" என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதுங்கள். பயிரின் பெயர். எந்த மாதம் விதைப்பு. எத்தனை நாளில் அறுவடை. எந்த வீட்டில் இன்னும் விதை இருக்கிறது. எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். பெயர் மறைந்து போவதைவிடப் பிழை மேல்.

பிறகு நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரே ஒரு பானை வையுங்கள். முதலில் ஒரு வகை விதை போதும். அவரையோ, கீரையோ, பாகற்காயோ. கொல்லைப்புறத்தில் விதைக்கலாம். நிலம் இல்லாதவரும் செய்யலாம். ஒரு கை வாங்கியவர் இரண்டு கை திருப்பித் தரட்டும். யார் வாங்கினார், யார் கொடுத்தார் என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

நாம் மனதில் நினைத்த அந்த ஒரு ஏக்கர்ப் பெண்ணைக் கடைசியாக ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மழை பெய்கிறது. அவள் யார் வாசலுக்கும் ஓடவில்லை. பானையின் வாயைத் திறக்கிறாள். சாம்பலைப் புடைத்து எடுக்கிறாள். ஈரம் காயும் முன்பே நிலத்தில் இறங்குகிறாள். எதை விதைப்பது, எப்போது விதைப்பது என்று அவளே சொல்கிறாள்.

பானை சின்னதுதான். ஆனால் அது யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் முடிவு.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊரில் முன்பு விளைந்து இப்போது இல்லாமல் போன பயிர்கள் எவை? ஐந்து பெயர்கள் எழுதுங்கள்.

2. ஒரு பெண் விதைக் களஞ்சியத்தில் 3 படி தினை வாங்கினாள். ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தர வேண்டும். எத்தனை படி தருவாள்?

3. 100 விதையில் 85 முளைத்தது. அந்த விதையை விதைக்கலாமா?

4. உங்கள் வீட்டில் எதை விதைப்பது என்று முடிவு செய்பவர் யார்? பெண்ணிடம் கேட்கிறார்களா? கூடிப் பேசுங்கள்.